இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பார்மசியில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளும் வழி

நம் ஊரில் மெடிக்கல் ஷாப் என்றால் டாக்டர் சீட்டை நீட்டி மாத்திரை வாங்குகிற இடம். தடுப்பூசி எழுதிக் கொடுத்தால்கூட, அங்கே மருந்தை வாங்கி, ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போய்த்தான் போட்டுக்கொள்வோம். அந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு, செப்டம்பர் பிறந்ததும் பார்மசிக் கண்ணாடிகளில் ஏறும் ஃப்ளூ ஊசி போஸ்டர் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். மருந்துக் கடைக்காரர் ஊசி போடுவாரா? போடுவார். 2015 செப்டம்பரிலிருந்து என்.எச்.எஸ். என்ற அரசு சுகாதாரச் சேவை இதை இங்கிலாந்து முழுவதும் பார்மசிகளின் பணியாகவே ஆக்கியிருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் ஜி.பி. என்ற குடும்ப டாக்டரின் கிளினிக் பக்கமே போகாமல் தெருமுனைப் பார்மசியில் கையைக் காட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று தெரிந்துகொண்டால் தயக்கம் பாதி போய்விடும். இங்கே பார்மசிஸ்ட் ஆக நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி, பிறகு தேர்வு. ஜி.பி.எச்.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தொழில் செய்யலாம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஊசி போடுகிறவர் அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். திடீர் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். 2024-லிருந்து பார்மசி டெக்னீஷியன்களும் போடலாம் என்று சட்டம் மாறியிருப்பதால், வெள்ளைக் கோட்டு இல்லாத ஒருவர் ஊசியோடு வந்தாலும் பதற வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவர் ஊசி போடுவதற்குப் பெரும்பாலும் பி.ஜி.டி. என்று ஓர் எழுத்து ஆணைதான் அனுமதி தருகிறது. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது, எந்த மருந்து, எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத் தாண்டி அவரால் ஒரு அடி வைக்க முடியாது. “கொஞ்சம் பார்த்துப் போட்டு விடுங்களேன்” என்ற நம் ஊர்ப் பேச்சு இங்கே எடுபடாததற்குக் காரணம் அவருடைய கடுமை இல்லை, அந்தக் காகிதம். அவர் முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான். நம்மவர்கள் இலவச ஊசியை இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்: சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து: நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

என்.எச்.எஸ். ஊசி எல்லாருக்கும் இலவசம் இல்லை. யாருக்கு இலவசம் என்ற பட்டியல் ஆண்டுக்காண்டு கொஞ்சம் மாறும். கோவிட் காலத்தில் 50 வயது தாண்டிய எல்லாருக்கும் கொடுத்தார்கள், 2023-லிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். “நாலு வருஷம் முன்னால் எங்கள் மாமாவுக்கு இலவசமாகப் போட்டார்களே” என்று வாதாடிப் பயனில்லை.

வயதுக் கணக்கு எளிது: 65. ஆனால் ஊசி போடும் அன்றைக்கே 65 ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் குளிர்காலம் முடிகிற மார்ச் 31-க்குள் 65 ஆகிவிடும் என்றால் போதும். பிப்ரவரியில் பிறந்த நாள் வரும் 64 வயதுக்காரர் அக்டோபரிலேயே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

65-க்குக் கீழே இருப்பவர்கள் நோய்க் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. அதை ஒரு நோய் என்றே நாம் நினைப்பதில்லை, “சுகர் கொஞ்சம் இருக்கு” என்பதோடு சரி. பார்மசியில் “ஏதாவது உடம்புக்கு உண்டா?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்று பதில் வந்துவிடும். நீரிழிவு, இந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர், மாத்திரை போடுகிறவர் மட்டும் இல்லை, டாக்டர் நீரிழிவு என்று உறுதி செய்து சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பவருக்கும் ஊசி இலவசம். ஆனால் வெறும் ரத்தக் கொதிப்பு பட்டியலில் வராது. பிரஷர் இருந்து அதனால் இதயமும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் வரும். பிரஷர் மாத்திரை மட்டும் போடுகிற 50 வயதுக்காரரைத் திருப்பி அனுப்பினால் அதில் பாகுபாடு எதுவும் இல்லை.

ஆஸ்துமாவிலும் இப்படி ஒரு கோடு உண்டு. எப்போதாவது நீல இன்ஹேலர் இழுப்பவர் வரமாட்டார். ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடர்ந்து எடுப்பவரும், ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவரும் வருவார்கள். இதய நோய், பக்கவாதம் வந்தவர்கள், மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் போன சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட கல்லீரல் நோய், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையாலோ மருந்தாலோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 40-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள், எல்லாரும் உள்ளே. எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் உண்டு.

புதிதாக வந்த தமிழர்கள் அதிகம் தவறவிடும் கணக்கு இனிமேல்தான். முதியோர் இல்லத்திலோ, வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் நிறுவனத்திலோ கேர் வொர்க்கராக இருக்கிறீர்களா? வேலை கொடுத்தவர் ஊசிக்கு ஏற்பாடு செய்யவில்லை என்றால், என்.எச்.எஸ். ஊசி உங்களுக்கும் உண்டு. கேர் விசாவில் வந்து இரவும் பகலும் ஷிஃப்ட் போடுகிறவர்கள், தங்களுக்கு இது உண்டு என்பதே தெரியாமல் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், இல்லையென்றால் போடாமலே இருந்துவிடுகிறார்கள். வீட்டிலே படுக்கையாக இருக்கும் மாமியாரையோ, உடல் ஊனமுற்ற பிள்ளையையோ முக்கியமாகக் கவனித்துக்கொள்பவர் நீங்கள்தான் என்றால், சம்பளமில்லாத அந்த வேலைக்கும் ஊசி உண்டு. “அம்மாவைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா?” என்று நாம் வாய் திறக்க மாட்டோம். திறக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தனிக் கணக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த எதிலும் வராதவர்கள் அதே பார்மசியில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடைக்குக் கடை விலை மாறும், பெரும்பாலும் 15 முதல் 25 பவுண்டுக்குள் இருக்கும். காசைக் கொடுப்பதற்கு முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசிக்கான வவுச்சர் தருகின்றன, அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. விசாவுக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு, பட்டியலில் பெயர் இருந்தும் இலவச ஊசியை விட்டுவிடுவது எனக்கு என்னவோ மனசு கேட்கிறதில்லை.

எப்போது, எங்கே

2025-26 பருவத்தில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் செப்டம்பர் 1-லிருந்தும் மற்றவர்களுக்கு அக்டோபர் 1-லிருந்தும் தொடங்கினார்கள். பெரியவர்களை ஒரு மாதம் காக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசியின் பலம் மாதம் போகப் போகக் குறையும், ஃப்ளூ உச்சத்துக்கு வருவதோ டிசம்பர், ஜனவரி. சீக்கிரம் போட்டால் தேவையான நேரத்தில் பலம் தேய்ந்திருக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால் அக்டோபர், நவம்பருக்குள் முடித்துவிடுவது உத்தமம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் விமானம் ஏறும் முந்தைய நாள் போடாமல், இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைச் சிலுவை தொங்கும் எல்லாக் கடையும் ஊசி போடும் என்று நினைக்க வேண்டாம், போடாதவையும் உண்டு. என்.எச்.எஸ். இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் ஃப்ளூ ஊசி போடும் பார்மசிகள் வரும். சிலவற்றில் முன்பதிவு வேண்டும், சிலவற்றில் நேரே நுழையலாம். 65 தாண்டியவரை அழைத்துப் போவதாக இருந்தால் கிளம்புமுன் போன் பண்ணிவிடுங்கள். அவர்களுக்குப் போடும் மருந்து வேறு, எதிர்ப்புச் சக்தியை இன்னும் நன்றாகத் தூண்டும் வகை. கடையில் இளையவர்களுக்கான மருந்து மட்டும் இருந்து, தாத்தாவை நடக்க வைத்துத் திருப்பிக் கூட்டி வர வேண்டாம். ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, ஹாரோ, டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ் பேசும் பார்மசிஸ்ட் கிடைக்கவும் வாய்ப்புண்டு, போனில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கையில் என்ன, வாயில் என்ன

பத்து இலக்க என்.எச்.எஸ். எண் தெரிந்தால் நல்லது. என்.எச்.எஸ். செயலியில் இருக்கும், ஜி.பி. அனுப்பிய கடிதங்களிலும் இருக்கும். அதோடு உங்கள் ஜி.பி. கிளினிக்கின் பெயர், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல். மாத்திரைப் பெயர் நாக்கில் நுழையாவிட்டால் அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். கேர் வொர்க்கர்கள் வேலை அடையாள அட்டை இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

கவுண்டரில் போய் நின்றதும் “ஃப்ளூ ஊசி வேண்டும்” என்று மட்டும் சொன்னால், நிற்பவர் விலைப் பட்டியலைக் காட்டவும் கூடும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: “ஐ ஹேவ் டயபிடீஸ். கேன் ஐ ஹேவ் தி என்.எச்.எஸ். ஃப்ளூ வேக்சின்?” கேரர் என்றால் “ஐ ஆம் எ கேரர் ஃபார் மை மதர்.” இந்த ஒரு வரி போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

உள் அறையில் வரும் கேள்விகள்

கடைக்குள்ளேயே கதவு மூடிய சிறு ஆலோசனை அறை இருக்கும். கடையில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்க வேண்டியதில்லை. பெண்கள், பெண் பார்மசிஸ்ட் வேண்டும் என்றோ, கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம். கை இறுக்கமான ரவிக்கையோ, மேலே ஏறாத இறுக்கமான ஸ்வெட்டரோ அன்று வேண்டாம், தோளுக்குக் கீழே உள்ள சதை வெளியே தெரிய வேண்டும்.

இன்றைக்கு உடம்பு எப்படி என்பது வழக்கமாக முதலில் வரும். லேசான சளி, மூக்கொழுகல் இருந்தால் ஊசி போடலாம். காய்ச்சல் கொதித்தால் சரியான பிறகு வரச் சொல்வார்கள். இந்தப் பருவத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள். வேலையிடத்தில் போட்டது இவர்கள் திரையில் தெரியாமலும் இருக்கலாம், அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா என்பது முக்கியமான கேள்வி. ஊரில் சின்ன வயதில் நடந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முட்டை பற்றி ஒரு கேள்வி வரும். ஃப்ளூ ஊசிகளில் ஒரு வகை கோழி முட்டையில் வளர்க்கப்படுகிறது, இன்னொரு வகை முட்டை இல்லாமல் செல்களில் வளர்க்கப்படுகிறது. அவர் கேட்பது ஒவ்வாமையைப் பற்றி. முட்டை சாப்பிடாத சைவர்கள் அதற்கு “யெஸ்” என்று தலையாட்டிவிட்டால் வீண் குழப்பம். “ஒவ்வாமை இல்லை, சைவம். முட்டை சேராத மருந்து இருக்கிறதா?” என்று பிரித்துக் கேளுங்கள். பன்றி ஜெலட்டின் பற்றிய கவலை பெரியவர்கள் ஊசிக்குத் தேவையில்லை. அது குழந்தைகளின் மூக்கு ஸ்ப்ரேயில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். ஊசி மறுக்கப்படாது. மெல்லிய ஊசி போட்டு, கொஞ்ச நேரம் கூடுதலாக அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைசிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் மறு கையைக் கொடுங்கள். ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் ஆளாக இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், படுக்க வைத்துப் போடுவார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம்.

ஒரு சங்கதி: நம் வீடுகளில் மனைவியைக் கேட்டால் கணவர் பதில் சொல்வார், அப்பாவைக் கேட்டால் மகன் சொல்வான். இங்கே ஊசி போட்டுக்கொள்பவரின் சம்மதம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். மொழி தெரியாவிட்டால் நீங்கள் பெயர்த்துச் சொல்லலாம், ஆனால் பதிலை அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஊசி வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

ஊசி போடுவது சில வினாடி வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.

போன காரியத்தோடு இன்னொன்றையும் முடித்துக்கொள்ளலாம். 40 வயது தாண்டியவர்களுக்குப் பல பார்மசிகளில் ரத்த அழுத்தம் இலவசமாகப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்கு இது ஊசியைவிடக்கூட முக்கியமாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கை வலிக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல், அசதி. பாரசிட்டமால் போதும். கையை அசைக்காமல் கட்டி வைத்தால் வலி கூடும், வழக்கம்போல் சமையலோ வேலையோ செய்யுங்கள். தலைக்குக் குளிக்கலாமா, தயிர் சாப்பிடலாமா என்று ஊரிலிருந்து அத்தை வீடியோ காலில் கேட்பார். குளிக்கலாம், சாப்பிடலாம், பத்தியம் எதுவும் இல்லை. மூச்சுத் திணறல், நாக்கோ உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு என்று வந்தால் உடனே 999 என்ற அவசர எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். இது மிக மிக அரிது, வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்ளேயே வரும். சந்தேகம் மட்டும் என்றால் 111 என்ற என்.எச்.எஸ். ஆலோசனை எண்.

“ஊசி போட்டதும் ஃப்ளூ வந்துவிட்டது” என்று சொல்லாத வீடு இல்லை. பெரியவர்களின் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஃப்ளூவைத் தர முடியாது. குளிர்காலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வேறு சளி வைரஸ்கள் தற்செயலாக அதே வாரம் பிடிக்கும், அல்லது ஊசி பலிக்குமுன்னே ஃப்ளூவே பிடித்திருக்கும். ஊசி போட்டும் சிலருக்கு ஃப்ளூ வருவதுண்டு. முழுக் காப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை.

போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்கு உதவாது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு பிப்ரவரியிலும், வரும் குளிர்காலத்தில் வட அரைக்கோளத்து ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று சொல்லும். முன்பு நான்கு வகை இருந்தது இப்போது மூன்றாகிவிட்டது. பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, அதனால் எடுத்துவிட்டார்கள். “மருந்தைக் குறைத்துவிட்டார்கள்” என்று வாட்ஸாப்பில் வருவதன் பின்னணி இதுதான்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்

பள்ளிப் பிள்ளைகளைப் பார்மசிக்கு இழுத்துப் போக வேண்டாம். பள்ளியில் சேரும் ரிசெப்ஷன் வகுப்பு முதல் பதினோராம் ஆண்டு வரை பள்ளியிலேயே மூக்கில் ஸ்ப்ரே அடிப்பார்கள். அதற்கு முன் ஒரு சம்மதப் படிவம் வரும். ஸ்ப்ரேயில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. அது வேண்டாம் என்கிற முஸ்லிம் குடும்பங்களும் சைவக் குடும்பங்களும் ஊசி வடிவம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும். படிவத்தைப் படிக்காமல் ‘வேண்டாம்’ என்று டிக் அடித்துவிட்டால் பிள்ளைக்கு இரண்டும் இல்லாமல் போகும். 2, 3 வயதுக் குழந்தைகளுக்கு ஜி.பி. கிளினிக், 2025 அக்டோபரிலிருந்து சில பார்மசிகளிலும் உண்டு.

கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய், பிறந்த முதல் சில மாதங்களுக்குக் காக்கும். “மூணு மாசம் முடியட்டும்” என்று பெரியவர்கள் சொல்வதற்காகத் தள்ளிப் போட வேண்டாம். 28 வாரத்திலிருந்து ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுத் தொற்று வைரஸுக்கு எதிராக வேறொரு ஊசி உண்டு. அது தனி, பேறுகாலச் செவிலியான மிட்வைஃபிடம் கேளுங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு என்ன வழி? ஜி.பி. கிளினிக்கில் பதிவதற்கு விசா வகை தடையில்லை. மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடுவார்கள் என்றால் தற்காலிகப் பதிவு என்று ஒன்று உண்டு, கேட்டுப் பாருங்கள். அலைய விருப்பமில்லையென்றால் பார்மசியில் காசு கொடுத்துப் போட்டுவிடுவது சுலபம். போடும்போது அவர்களுடைய வயதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்தா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகச் சில சில்லறைகள்

பார்மசியில் போட்ட என்.எச்.எஸ். ஊசியின் விவரத்தை அவர்களே உங்கள் ஜி.பி.க்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியும் “ஃப்ளூ ஊசிக்கு வாருங்கள்” என்று கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருந்தால், போட்டுவிட்டேன் என்று தேதியோடு பதில் அனுப்புங்கள். வேலையிடத்திலோ காசு கொடுத்தோ போட்டிருந்தால், கிளினிக்குக்குச் சொல்வதை உங்கள் பொறுப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே சொன்னது இங்கிலாந்துக்கு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் பார்மசிகளில் போடுவார்கள், ஆனால் பட்டியலில் சிறு வித்தியாசங்கள் இருக்கும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி என்.எச்.எஸ். போர்டே தன் மையங்களில் போடுகிறது, வீட்டுக்கு வரும் கடிதத்தில் இடமும் நேரமும் இருக்கும். கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ இருக்கும் நண்பருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.